‘ரத்தச் சுங்க’த்தின் இருட்டு

ஒரு கதையை ஒரு தடவை படமெடுத்தால் ரசிகர்கள் உண்டாவார்கள். இரண்டாவது தடவை எடுத்தால் கட்சிகள் உண்டாகும். மூன்றாவது தடவையும் எடுக்கப்போவதாக அறிவிப்பு வந்துவிட்டால், அப்புறம் ஹோசாக்கா போன்றவர்கள் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

‘ரத்தச் சுங்கம்’ என்ற மங்காவுக்கு, அதாவது ஜப்பானியப் படக்கதைக்கு, நேர்ந்தது அதுதான். யோகோஹாமா சுங்க இலாகாவில் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் நானூறு வயது ரத்தக்காட்டேரி ஒருவன். பெயர் ஜின்னாய். கப்பல் கப்பலாகக் கடத்திவரப்படும் அயல்நாட்டுக் காட்டேரிகளை இரண்டு கையிலும் துப்பாக்கி பிடித்துச் சுட்டுத் தள்ளுவான். பிறகு அலுவலகத்துக்குத் திரும்பி, மேலதிகாரியிடம் திட்டு வாங்குவான். கதை அவ்வளவுதான். இதற்குள் ஒரு தத்துவம் இருக்கிறது என்று கண்டுபிடித்தவர் ஹோசாக்கா ஷூகோ. வரைந்தவருக்கே அது தெரியாது. வரைந்தவர் ஹொக்கைடோவில் எங்கேயோ ஆடு வளர்த்துக்கொண்டிருக்கிறார். யார் எதைக் கேட்டாலும் “உங்கள் இஷ்டம்போல” என்று ஃபேக்ஸ் அனுப்பிவிட்டு ஆட்டைப் பார்க்கப் போய்விடுவார்.

முதல் அனிமே, அதாவது தொலைக்காட்சிக் கார்ட்டூன் தொடர், வந்தபோது மங்கா பாதிதான் முடிந்திருந்தது. வாரா வாரம் ஓடிய அனிமே, மங்காவை எட்டிப் பிடித்துவிட்டது. எடுத்தவர்கள் யோசித்தார்கள், யோசித்ததன் பலனாக ஒரு பேசும் வௌவால் பிறந்தது. பிறகு சுங்க அதிகாரிகள் எல்லோரும் வெந்நீர் ஊற்றுக்குச் சுற்றுலா போனார்கள். கடைசி அத்தியாயத்தில் ஜின்னாய் காலை வெயிலில் நின்று, எரிந்து சாம்பலாகாமல், தும்மினான். ரத்தம் தக்காளி நிறத்தில் பீறிட்டது. ஊரே ரசித்தது.

எட்டு வருஷம் கழித்து, மங்கா முடிந்த பிறகு, வக்குயி என்ற இயக்குநர் கட்டத்துக்குக் கட்டம் மூலத்தை ஒட்டி இரண்டாவது அனிமேயை எடுத்தார். நள்ளிரவு தாண்டி ஒளிபரப்பானது. அதில் வௌவால் பேசவில்லை. சண்டை என்று வந்தால் திரை இருண்டுவிடும். ரத்தம் கறுப்பாக வழியும். ஓடுகிறவன் பின்னால் மங்கலாக ஒரு வால் நீளும். யார் யாரைச் சுடுகிறார்கள் என்பது சத்தத்தை வைத்துத்தான் தெரியும்.

ஹோசாக்கா அதைப் பார்த்து மெய்சிலிர்த்து ‘இருளின் இலக்கணம்’ என்று ஒரு புத்தகம் எழுதினார். அந்த வாலுக்கு ‘ஞாபகத்தின் மிச்சம்’ என்று பெயர் வைத்தார். கறுப்பு ரத்தத்துக்குத் தனி அத்தியாயம். “முதல் அனிமே கண்ணுக்கு, இரண்டாவது அனிமே கண்ணை மூடிக்கொள்ளத் தெரிந்தவனுக்கு” என்ற வாக்கியம் கல்லூரிகளில் மேற்கோளாயிற்று. புத்தகம் எத்தனை பேர் வீட்டு அலமாரியில் இருந்தது என்பதற்குக் கணக்கு உண்டு. எத்தனை பேர் படித்தார்கள் என்பதற்கு இல்லை.

இப்போது மூன்றாவது வரப்போகிறது. தயாரிப்பாளன் எனாமி காபிக்கடையில் வைத்து ஹோசாக்காவிடம், ‘சென்செய்’ என்று ஆசானுக்குரிய மரியாதையோடு, விஷயத்தை உடைத்தான்.

“சென்செய், ஞாயித்துக்கிழமை மத்தியானம் கோயென்ஜில ஒரு விவாதம் வெச்சிருக்கோம். ‘முதலாவதா, இரண்டாவதா?’ன்னு. நீங்க இரண்டாவது பக்கம். பணம் போடற குழுவுல எல்லாரும் என்ன ஆகுதுன்னு பாத்துட்டிருப்பாங்க. கூட்டம் உங்க பக்கம் சாஞ்சிட்டா, மூணாவதுக்குத் திரைக்கதைப் பொறுப்பு உங்களுக்குத்தான். நான் பேசி முடிச்சிர்றேன்.”

“பேர் போடுவீங்களா?” என்று கேட்டார் ஹோசாக்கா, ஏதோ சர்க்கரை எத்தனை என்று கேட்பதுபோல.

“போடாம? ஆரம்பப் பாட்டுலயே வரும்.”

ஹோசாக்காவுக்கு ஐம்பத்தொரு வயது. எந்த அனிமேயைப் பார்த்தாலும் கடைசியில் ஓடும் பெயர்களை, படக்குழுவுக்குச் சாப்பாடு கொடுத்தவர் பெயர்வரை, எழுந்திருக்காமல் படிப்பார். “உழைப்பாளிகளுக்கு நான் செய்கிற மரியாதை” என்பார் கேட்டவர்களிடம். உண்மையில் அது பசித்தவன் ஹோட்டல் வாசலில் நின்று விலைப்பட்டியல் படிக்கிற மாதிரி. இளவயதில் எழுதிய திரைக்கதைகளை ஒரு ஸ்டுடியோகூட ஏற்கவில்லை. அதற்குப் பிறகுதான் அவர் எல்லா ஸ்டுடியோக்களையும் வெறுக்கத் தொடங்கினார். விமர்சகர் என்ற பட்டம் தானாக வந்து சேர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் கோயென்ஜியில் ஒரு பழைய துணிக்கடையின் கீழே இறங்கும் படிக்கட்டருகே வந்து நின்றபோது, முதலில் கண்ணில் பட்டது வௌவால்தான். ஆளுயர மலர்த் தட்டி; சிவப்பு ரோஜாவும் கறுப்பு பலூனுமாக, இறக்கை விரித்த வௌவால். ‘மியோஷி அக்காவுக்கு, முதலாம் படையின் வாழ்த்துகள்’ என்று பலகை. பக்கத்தில் இன்னும் இரண்டு தட்டிகள், இரண்டும் மியோஷிக்கே. ஹோசாக்காவின் பெயரில் ஒரு தொட்டிச் செடி இருந்தது. பதிப்பாளர் அனுப்பியது. வாடகைச் செடி, திருப்பிக் கொடுக்கவேண்டிய தேதி அடியில் ஒட்டியிருந்தது.

ஒப்பனை அறையில் மியோஷி தமாயோ உட்கார்ந்து கஸ்டர்ட் பன் தின்றுகொண்டிருந்தாள். சைதாமாவில் நாய்களுக்கு முடிவெட்டும் கடை வைத்திருப்பவள். முதல் அனிமேக்காக உயிரை விடுகிறவள். மேஜைமேல் ரசிகர்கள் கொண்டுவந்த தின்பண்டப் பெட்டிகள் கோபுரமாக நின்றன. ஹோசாக்கா கோபுரத்தின் எந்தத் தளமாவது தன் பெயருக்கு வந்திருக்கிறதா என்று ஓரக்கண்ணால் தேடினார்.

“வாங்க சென்செய், வாங்க! கண்ணாடி மாத்திட்டீங்க போல? இருட்டுலயே பாத்துப் பாத்து பவர் ஏறிடுச்சா?”

“உங்க வௌவால் சௌக்கியமா?”

“அதுக்கென்ன கொறை? போன வருஷம் ரயில் நிலையம் ரயில் நிலையமாப் போய் நோட்டுல முத்திரை குத்துற போட்டியில அது படந்தான். கொழந்தைங்க வரிசையில நின்னு குத்திட்டுப் போச்சுங்க. உங்க ஜின்னாய் படத்தையும் போட்டாங்க. ஒரே கறுப்பா இருந்துச்சா, அச்சு பிசகிடுச்சுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க.”

“மலிவான சிரிப்புக்கு மலிவான கூட்டம் சேரும், மியோஷி-சான்.”

“சேரட்டுமே. உங்களுக்குச் செடி வந்திருக்கே, அது கைதட்டுமா?” என்றபடி ஒரு பன்னை அவர் பக்கம் நகர்த்தினாள். “சாப்பிடுங்க. தோத்துட்டுச் சாப்பிட்டா எறங்காது.”

ஹோசாக்கா பன்னைத் தொடாமல் அரங்கத்துக்குள் போனார். அரங்கம் என்பது மதுக்கடைதான். ஒரு மூலையில் மேடை, எதிர் மூலையில் சமையல் அடுப்பு, நடுவே ஐம்பது அறுபது நாற்காலி. நுழைவுச்சீட்டுக்கு ஒரு பானம் இலவசம். இன்றைய பானம் தக்காளிச் சாறு கலந்த ஷோச்சு சாராயம், பெயர் ‘சுங்க வரி’. தலையில் துண்டு கட்டிய கடைக்காரர்தான் கோழி பொரிப்பவர், பானம் கலப்பவர், ப்ரொஜெக்டர் ஓட்டுபவர் எல்லாம். அவரை எல்லோரும் மாஸ்டர் என்று கூப்பிட்டார்கள்.

“மாஸ்டர், என்னோட காட்சியை ஒரு தடவை ஓட்டிக் காட்டுங்க. ஏழாவது அத்தியாயம், தேவாலயச் சண்டை.”

மாஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு பொத்தானை அமுக்கினார்.

திரையில் ஒரு நிலா எழுந்தது. இளஞ்சிவப்பு நிலா, கல்யாண கேக்கின்மேல் வைக்கிற நிறம். அதன் கீழே ஊதா அங்கியும் தங்கப் பொத்தான்களுமாக ஜின்னாய் கூரையிலிருந்து குதித்தான். இரண்டு துப்பாக்கிகளும் மஞ்சளும் நீலமுமாகத் தீ கக்கின. எதிரியின் கழுத்திலிருந்து ரத்தம், கோடைக்காலத்து ஐஸ் துருவலில் ஊற்றுகிற ஸ்ட்ராபெரிப் பாகுபோல, கொழகொழவென்று சிவப்பாகச் சீறி, பாதிரியார் மொட்டைமேல் விழுந்தது. ஜின்னாய் ஒரு கை சுட, மறு கை குண்டு நிரப்ப, பல்லால் ஒருத்தன் காதைக் கடித்து இழுத்தான்.

“அடி! விடாத!” என்றார் ஹோசாக்கா.

சொன்ன பிறகுதான் தன் குரல் தன் காதில் விழுந்தது. மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். ஹோசாக்கா தொண்டையைக் கனைத்தார்.

“தப்பான படத்தைப் போட்டுட்டீங்க. இது முதலாவது. அந்த நாய்க்காரம்மாவோடது. எனக்கு இரண்டாவது வேணும்.”

“இதுதாங்க இரண்டாவது. டப்பாமேல எழுதியிருக்கு, பாருங்க. இந்த டிஸ்க்கைத்தான் போடணும்னு குழு அனுப்பியிருக்கு.”

“இரண்டாவதுல நிலா இந்த நெறத்துல கெடையாது!”

“அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. நான் கோழியைப் பாக்கணும்.”

ஹோசாக்கா நாற்காலியில் உட்கார்ந்தார். விஷயம் அவருக்கு மெதுவாக, பல்வலி மாதிரி, ஆழத்திலிருந்து புரியத் தொடங்கியது.

திரை பளிச்பளிச்சென்று மின்னினால் பார்ப்பவர்களுக்கு வலிப்பு வரலாம் என்று தொலைக்காட்சி நிலையங்கள் அந்த இடங்களில் வெளிச்சத்தைக் குறைத்து, ஒரு படத்தின்மேல் அடுத்ததைக் குழைத்து ஒளிபரப்பும். டிஸ்க் வரும்போது பழைய வெளிச்சம் திரும்பிவிடும். இந்த நாட்டில் அனிமே பார்க்கிற பள்ளிப் பிள்ளைக்கும் இது தெரியும். ஹோசாக்காவுக்கும் தெரியும், நிலையங்களைத் திட்டி ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறார். ஆனால் மற்ற தொடர்களில் அது ஒரு நொடி, இரண்டு நொடி சமாசாரம். ஜின்னாய் இரண்டு கையாலும் சுடுகிறவன், நிறுத்தாமல் சுடுகிறவன். சண்டை முழுக்க மின்னல். ஆகவே சண்டை முழுக்க இருட்டு, ஓடுகிறவனுக்கெல்லாம் வால். ரத்தத்தைக் கறுப்பாக்கியதும் நிலையத்துக்காரன் கைங்கரியம்தான். இவ்வளவு நேரம் நீடிக்கிற இருட்டு ஒரு கலைஞனின் மனத்திலிருந்துதான் வரமுடியும் என்று ஹோசாக்கா தீர்மானித்துவிட்டார். டிஸ்க்கை வாங்கிப் பார்த்திருந்தால் ஒரே மாலையில் தெளிந்திருக்கும். அவர் வாங்க மாட்டார். ஒளிபரப்புதான் அனிமே, டிஸ்க் அதன் சவப்பெட்டி என்பது அவருடைய கொள்கை. கொள்கை என்று சொன்னால் கடையில் பணம் கொடுக்கவேண்டியதில்லை என்பதும் ஒரு சௌகரியம்.

டிஸ்க் வாங்கியவர்கள் ஏன் சொல்லவில்லை? அவர்களும் புத்தகத்தைக் கேள்விப்பட்டவர்கள்தான். தங்கள் வீட்டுப் பெட்டியில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து, வெளிச்சத்தைக் குறைத்துவைத்துக்கொண்டு பார்த்தார்கள்.

ஹோசாக்கா எழுந்து அடுப்பருகே போனார்.

“மாஸ்டர், என் காட்சி வரும்போது மட்டும் ப்ரொஜெக்டர் வெளிச்சத்தைக் கொறைக்க முடியுமா?”

“எவ்ளோ?”

“நல்லா.”

“ஒண்ணும் தெரியாதேங்க.”

“தெரியாம இருக்கிறதுதான் வேணும்.”

மாஸ்டர் எண்ணெயிலிருந்து கோழித்துண்டைத் திருப்பிப்போட்டார். குடிகாரர்கள் கேட்பதையெல்லாம் செய்து பழகிய மனிதர். “சரிங்க” என்றார்.

கூட்டம் நிரம்பியது. ரசிகர்கள் கையில் சிவப்பு விளக்குக் குச்சிகள். முன்வரிசையில் எனாமி, காலின்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். மியோஷி முதலில் பேசினாள். பேசினாள் என்பதைவிட, பாடினாள் என்று சொல்லலாம். முதல் அனிமேயின் பாட்டைத் தொடங்கினாள், பாதிக் கூட்டம் குச்சியை ஆட்டிக்கொண்டே கூடச் சேர்ந்துகொண்டது. வெந்நீர் ஊற்றுக் காட்சியைப் போட்டாள். வௌவால் தொட்டிக்குள் விழுந்தது. ஒருவர் சிரித்து, குடித்த ‘சுங்க வரி’ மூக்கு வழியாக வந்தது.

“இது மூலத்துல இல்லைன்னு சொல்லுவாங்க. நானும் ஒத்துக்கறேன்” என்றாள் மியோஷி. “மூலத்துல இல்லாத சுற்றுலா, மூலத்துல இல்லாத பாசம், மூலத்துல இல்லாத வௌவால். எங்க ஆளுங்களுக்குக் கதை தீந்துபோச்சு, வாரம் தீரல. என்ன பண்ணுவாங்க? கையில இருந்த மனசைப் போட்டு ரொப்புனாங்க. சென்செய் மாதிரி அகராதியைப் போட்டு ரொப்பல.”

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. ஹோசாக்கா எழுந்தார்.

“சுலபமா சிரிக்க வெக்கறதுக்கு ஒரு வௌவால் போதும். பயப்பட வெக்கறதுக்கு இருட்டு வேணும். ஏழாவது அத்தியாயத்தைப் பாருங்க.”

திரை ஓடியது. ஓடியது என்பதற்குச் சத்தம் மட்டுமே சாட்சி. சாணி மெழுகிய சுவர்போல ஒரு பரப்பு. அதில் எங்கோ எதுவோ நகர்ந்தது.

“ஜின்னாய் குதிக்கிறான். குதிச்சானா? நமக்குத் தெரியாது. அந்தத் தெரியாமையிலதான் வக்குயியோட மேதைமை...”

“மாஸ்டர்! பல்பு போயிடுச்சு!” என்றது பின்வரிசை.

“பல்பு போகல! இதுதான் படம்!”

“அப்ப எங்க கண்ணு போயிடுச்சா?”

சிரிப்பு. மியோஷி மைக்கை எடுத்தாள். “சென்செய், ஒரு உண்மையைச் சொல்லட்டா? நான் இரண்டாவதை இன்னிவரைக்கும் பாத்ததே இல்ல. எதிர்க்கட்சிங்கறதால இல்ல. உங்க புஸ்தகத்தைப் படிச்சேன்; இதையெல்லாம் பாக்க நமக்கு அறிவு பத்தாதுன்னு விட்டுட்டேன். இப்ப வந்திருக்கேன், கொஞ்சமாவது காட்டுங்களேன். மாஸ்டர், வெளிச்சத்தை ஏத்துங்க!”

மாஸ்டருக்கு எல்லா வாடிக்கையாளரும் ஒன்றுதான். ஏற்றினார்.

இளஞ்சிவப்பு நிலா வெடித்துக்கொண்டு வெளியே வந்தது. ஊதா அங்கி பறந்தது. ஸ்ட்ராபெரிப் பாகு பாதிரியார் மொட்டையில் விழுந்தது. பிறகு கூரை பறக்கிற மாதிரி கூச்சல். குச்சிகள் தாறுமாறாக ஆடின. காதைக் கடிக்கும் இடத்தில் மியோஷி நாற்காலிமேல் ஏறிவிட்டாள்.

“ஐயோ! இது நம்ம ஆளு! இது நம்ம வீட்டு ஆளுடா! இத்தனை வருஷமா எதுக்குடா சண்டை போட்டோம்?”

இரண்டாம் கட்சிக்காரர்கள் பாடு பரிதாபமாக இருந்தது. தாங்கள் ஆராதித்த மௌன விக்கிரகம் சிவப்புப் பட்டு கட்டிக் கரகாட்டம் ஆடுவதைப் பார்த்தவர்கள்போல் விழித்தார்கள். அவர்களில் சிலர் ரகசியமாகக் குச்சியை ஆட்டினார்கள்.

“சென்செய்” என்றாள் மியோஷி, மூச்சு வாங்க. பரிகாசம் எதுவும் இல்லாத குரல். “எவ்ளோ நல்லா இருக்கு! இதைப் போய் ஏன் இருட்டுன்னு எழுதுனீங்க?”

எல்லா முகங்களும் அவர் பக்கம் திரும்பின. ஹோசாக்காவின் வாயில் பதில் தயாராக இருந்தது. தப்பாப் பாத்துட்டேன், மியோஷி-சான். இன்னிக்கி மத்தியானந்தான் மொதமொதலா சரியாப் பாத்தேன், எனக்கும் பிடிச்சிருந்தது. சொல்ல ஒரு மூச்சு போதும். சொல்லியிருந்தால் அறையில் அவருக்கு ஒரு பன்னும் காத்திருந்தது. அவர் எனாமியைப் பார்த்தார். எனாமி காலைக் கீழே இறக்கிவிட்டு முன்னால் சாய்ந்திருந்தான்.

அதற்குள் திரை ஓரத்திலிருந்து கைதட்டிக்கொண்டே ஒருவர் வந்தார். இந்த மாதிரிக் கூட்டங்களில் அறிவிக்காத விருந்தாளி ஒருவர் கடைசியில் வருவது வழக்கம். வந்ததும் எல்லோரும் எதிர்பாராதவர்கள்போல் கத்துவதும் வழக்கம். கத்தினார்கள். வந்தவர் இயக்குநர் வக்குயி. சாய்வான கம்பளித் தொப்பி, கழுத்தில் துணி, கண்ணை அரைவாசி மூடிய பாவனை. புத்தகம் வருவதற்கு முன் எடுத்த புகைப்படங்களில் அவர் பனியனும் செருப்புமாகத்தான் இருப்பார்.

வெளியே போகும் படிக்கட்டு எந்தப் பக்கம் என்று ஹோசாக்கா பார்த்தார். எடுத்தவனே வந்துவிட்டான், முடிந்தது கதை.

வக்குயி மைக்கை வாங்கினார். கொஞ்சநேரம் ஒன்றும் சொல்லாமல் நின்றார். மௌனமும் புத்தகத்தில் வரும் ஒரு அத்தியாயம்.

“நீங்க இப்ப பாத்தது என் படம் இல்ல” என்றார். “டிஸ்க் விக்கணும்னு கம்பெனிக்காரங்க வெளிச்சம் ஏத்தி வெளுத்துட்டாங்க. ஒளிபரப்புல வந்ததுதான் என் படம். கண்ணை மூடிக்கத் தெரிஞ்சவனுக்காக எடுத்தேன். ஹோசாக்கா சென்செய் ஒருத்தருக்குத்தான் அது புரிஞ்சுது.”

கூட்டம் தயங்கியது. பிறகு எடுத்தவரே சொல்கிறாரே என்று கைதட்டியது. கைதட்டிய பிறகு, “அந்தக் கம்பெனிக்காரன் வெளுத்ததை இன்னொரு தடவை போடுங்க!” என்று கத்தியது.

கூச்சல் அடங்குவதற்குள், அடுப்பங்கரைக்குப் போகும் குறுகலான நடையில் பியர்ப் பெட்டிகளுக்கு நடுவே ஹோசாக்கா வக்குயியை மடக்கினார்.

“நெஜத்தைச் சொல்லுங்க. இருட்டாவா எடுத்தீங்க?”

வக்குயி அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்தார். கண் முழுசாகத் திறந்தது. “மொத ஒளிபரப்பு அன்னிக்கு டிவியைத் தட்டுன தட்டுல என் கை வீங்கிடுச்சு. கரண்டுக்காரனுக்குப் பணம் கட்டலயான்னு கேட்டா என் பொண்டாட்டி. நிலையத்துக்காரனை ராத்திரியே ஃபோன் போட்டுத் திட்டுனேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் உங்க புஸ்தகம் வந்துச்சு. அதை வெச்சுக் கலைக் கல்லூரியில ஒரு நாற்காலி குடுத்தாங்க. நெழலைப் பத்திப் பாடம் எடுக்கறேன். பென்ஷன் உண்டு. சென்செய், நான் வெளிச்சமா எடுத்தேன்னு இப்பப் போய்ச் சொன்னா, என்னைப் பழையபடி நாப்கின் விளம்பரம் எடுக்க அனுப்பிடுவாங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா நானும் காலி. பாத்துக்குங்க.”

இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் வணங்கிக்கொண்டார்கள். யார் அதிகம் குனிவது என்பதில் போட்டி வந்து, ஹோசாக்காவின் தலை பியர்ப் பெட்டியில் இடித்தது.

எனாமி அப்போதுதான் அங்கே வந்தான். முகமெல்லாம் பல்.

“ரெண்டு பேரும் இங்கயா இருக்கீங்க! முடிவாயிடுச்சு. குழுவுல எல்லார்கிட்டயும் ஃபோன்ல பேசிட்டேன். சென்செய், மூணாவது உங்களுது.”

“கூட்டம் வெளிச்சத்துக்குத்தானே கைதட்டுது?” என்றார் ஹோசாக்கா.

“கூட்டம் எதுக்கு வேணா தட்டும். நான் கணக்குப் போட்டுப் பாத்தேன். வெளிச்சமா எடுத்தா நிலையம் கை வைக்கும், திருப்பித் திருப்பி அனுப்பும். நாமளே இருட்டா எடுத்துக் குடுத்தா யார் கை வைப்பான்? ரெண்டாவது விஷயம், வரையறதுக்கு ஆள் இல்ல. ஊர்ல இருக்கிற நல்ல கை எல்லாத்தையும் பெரிய கம்பெனி வளைச்சுப் போட்டிருக்கு. இருட்டுல விரலை வரைய வேணாம், முகத்தை வரைய வேணாம். துப்பாக்கிச் சத்தம் ஒண்ணு நல்லா இருந்தாப் போதும். கேள்வி கேட்டா உங்க புஸ்தகத்தைக் காட்டிடலாம். மொத சீன்லேர்ந்து கடைசி சீன்வரைக்கும் இருட்டு!”

“மங்காக்காரர் என்ன சொன்னார்?”

“‘உங்கள் இஷ்டம்போல’ன்னு ஃபேக்ஸ் வந்துடுச்சு.”

கதவுக்கு அந்தப் பக்கம் மாஸ்டர் மறுபடியும் தேவாலயச் சண்டையைப் போட்டுவிட்டார். கூச்சல் கேட்டது. மியோஷி யாருக்கோ வௌவால் மாதிரிக் கத்திக் காட்டினாள். முதலாம் கட்சியும் இரண்டாம் கட்சியும் சேர்ந்து சிரித்தன. கதவிடுக்கு வழியாக இளஞ்சிவப்பு வெளிச்சம் ஹோசாக்காவின் செருப்பில் விழுந்து துடித்தது. இப்போது காதைக் கடிக்கும் இடம் வந்திருக்கும் என்று அவருக்குத் தெரிந்தது. கால் தானாக ஒரு அடி அந்தப் பக்கம் நகர்ந்தது.

“எனாமி-சான்” என்றார். தன்னால் முடிந்த அளவு நேர்மையாக இருக்க முயன்றார். பழக்கமில்லாததால் குரல் பிசிறியது. “மொத சீன்லேர்ந்து இருட்டுன்னா... பாக்கிறவனுக்கு ஒண்ணுமே தெரியாது. திரையில அவன் மூஞ்சிதான் தெரியும்.”

எனாமி அப்படியே நின்றுவிட்டான். கண்ணில் நீர் துளிர்த்தது.

“சென்செய்! ‘இருட்டில் தெரிவது உன் முகம்’. போஸ்டர்ல இதையே போட்டுடறேன்!”

“ஆஹா” என்றார் வக்குயி, கண்ணை மறுபடி அரைவாசி மூடிக்கொண்டு. “என் மாணவர்களுக்குச் சொல்றேன்.”

எனாமி கையை நீட்டினான். ஹோசாக்கா அந்தக் கையைப் பார்த்தார். ஜின்னாயை நினைத்தார், சுடட்டும், கடிக்கட்டும், தும்மட்டும் பாவம், அவனை யாராவது வெளிச்சத்தில் விடக்கூடாதா என்று ஒரு நிமிஷம் உண்மையாகவே தோன்றியது. அந்த நிமிஷம் முடிந்தது.

“பேர் எங்க வரும்னு சொன்னீங்க?”

“ஆரம்பப் பாட்டுல. மங்காக்காரர் பேருக்கு அடுத்தது.”

“தனியா வருமா, நாலு பேரோட சேந்து வருமா?”

“தனியா, சென்செய். திரை முழுக்க நீங்க மட்டும்.”

“எழுத்து என்ன நெறம்?”

“வெள்ளை. பின்னாடி ஒண்ணும் தெரியாது பாருங்க, அதனால பளிச்னு நிக்கும்.”

ஹோசாக்கா கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு, கொஞ்சம் யோசித்துவிட்டு, எழுத்தின் அளவைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினார்.